கரிக்கட்டிப் பயிற்சி: இயந்திரம் வாங்குவதற்கு முன்

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு அறக்கட்டளையில் வேலை பார்ப்பதாகவும், முதுகுளத்தூர் பக்கம் மூன்று மகளிர் குழுக்களுக்கு விவசாயக் கழிவிலிருந்து கரிக்கட்டி செய்யப் பயிற்சி தர நிதி கிடைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நாள் பயிற்சி போதும், எந்த இயந்திரம் வாங்கலாம் என்று கேட்டுவிட்டு, "விறகுக்கரிக்காக மரம் வெட்டுவதும் குறையும், பெண்களுக்கு வருமானமும் வரும் அல்லவா?" என்று கடைசி வரியில் போகிறபோக்கில் சேர்த்திருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். முதல் இரண்டுக்கும் பதில் சுருக்கம்: செய்முறையைப் பழக நாலு நாள் போதும், இயந்திரம் இப்போதைக்கு வாங்க வேண்டாம். மூன்றாவதற்குத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் படித்தது வேளாண் பொறியியல். தென்மாவட்டங்களில் குழுக்களுக்கு ட்ரம்மில் கரி எடுக்கவும் கட்டி பிடிக்கவும் பல வருஷமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதனால் நான் சொல்வது வானம் பார்த்த பூமிக்குப் பொருந்தும். டெல்டாவுக்கோ மலைக்கோ இதை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது.

முதலில் மரம். இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஹைட்டியிலும் உகாண்டா, கென்யா மாதிரி நாடுகளிலும் நகரத்து வீடுகளில் சமையலே மரக்கரியில்தான் நடந்து வந்திருக்கிறது. அந்தக் கரிக்காக இயற்கைக் காடு அழிகிறது. கரும்புச் சக்கையை ட்ரம்மில் கரியாக்கி, மரவள்ளி மாவில் பசை காய்ச்சிக் கட்டி பிடிக்கும் முறையை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி ஸ்மித்தும் அவருடைய மாணவர்களும் ஹைட்டிக்காக உருவாக்கினார்கள். அங்கே ஒரு மூட்டைக் கரிக்கட்டி விற்றால் ஒரு மூட்டை மரக்கரி மிச்சம் என்ற கணக்கு ஓரளவு நியாயமானது. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கம் மூட்டத்தில், அதாவது விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரியாக்கும் குவியலில், வேகிற மரம் எது? சீமைக்கருவேலம். காடு இல்லை, கண்மாயையும் தரிசையும் அடைத்துக்கொண்டு நிற்கிற முள். வெட்டிவிட்டால் மூன்று நாலு வருஷத்தில் மறுபடி தழைத்து அடுத்த வெட்டுக்குத் தயாராகிவிடும். 2017-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை வேரோடு அகற்றச் சொன்னதும், ஊர் ஊராக ஜேசிபி ஓடியதும் உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த மரத்தை வெட்டாமல் காப்பாற்றுவதுதான் திட்டத்தின் நோக்கம் என்று எழுதினால், உங்கள் ஊர்ப் பெரியவர்களே சிரிப்பார்கள். விண்ணப்பத்தில் அந்த வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். மூட்டத்துப் புகையும், முள் குத்திச் சீழ்பிடித்த கால்களும், முன்பணம் வாங்கிவிட்டு மூட்டத்தைவிட்டு நகர முடியாமல் கிடக்கிற குடும்பங்களும்தான் உங்கள் மாவட்டத்தில் கரியோடு சேர்ந்த நிஜமான பிரச்சினைகள். கரிமூட்டங்களில் கொத்தடிமையாக இருந்தவர்கள் மீட்கப்பட்ட செய்தி தமிழ்நாட்டில் பலமுறை வந்திருக்கிறது. மூட்டத்து வேலையைவிட மேலான ஒரு வேலை என்று திட்டத்தைச் சொன்னால் அதில் அர்த்தம் இருக்கும். ஆனால் அது மேலானதாக இருக்க வேண்டுமே, அதற்குத்தான் கீழே கூலிக் கணக்கு.

அடுத்தது, கழிவு என்கிற பேச்சு. கிராமத்தில் கழிவு என்று சும்மா கிடப்பது குறைவு. சோளத்தட்டையும் கம்பந்தட்டையும் மாட்டுக்கு. தேங்காய்ச் சிரட்டைக்கு வியாபாரி வீட்டு வாசலுக்கே வருகிறார், அது கிளர்வூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) செய்யும் ஆலைகளுக்குப் போகிறது. பருத்திமார், அதாவது பறிப்பு முடிந்த பருத்திச் செடியின் குச்சி, சும்மாதானே கிடக்கிறது என்பார்கள். கோடையில் அதைப் பிடுங்கிக் கட்டு கட்டி வீட்டோரம் அடுக்குவது யார், எதற்கு என்று பாருங்கள். அதே குழுப் பெண்கள்தான், தங்கள் அடுப்புக்குத்தான். சிலிண்டர் வந்த பிறகும் வெந்நீருக்கும் உலைக்கும் மார்தான் எரிகிறது. அதை வாங்கி ட்ரம்மில் போட்டால் அவர்கள் அடுப்புக்கு விறகு தேடிப் போவார்கள். நூறு கிலோ காய்ந்த மாரைக் கரியாக்கினால் இருபதிலிருந்து இருபத்தைந்து கிலோ கரி கிடைக்கும். மாரில் கிலோவுக்கு ஏறத்தாழ 4,000 கிலோகலோரி, கரியில் 6,500 என்று வைத்துக்கொண்டால், மாரில் இருந்த சூட்டில் பாதிக்கு மேல் கரியாகும்போதே போய்விடுகிறது. ஆகவே வீட்டுச் சமையலுக்கு என்றால் கரியாக்குவதே நஷ்டம்; அதே மாரை நல்ல புகையில்லா அடுப்பில் எரிப்பது மேல். கரிக்கட்டி விற்பதற்கான சரக்கு, வீட்டுக்கானது அல்ல. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, எதில் கரி எடுக்கலாம்? வீட்டு அடுப்புக்குப் போக மீந்த பருத்திமார் நல்லது. காய் பறித்து முடிந்த மாரை வயலில் விட்டுவைத்தால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதில் தங்கும் என்பதால் பிடுங்கியே ஆக வேண்டிய பொருள் அது. மிளகாய்ச் செடி, பறிப்பு முடிந்ததும். கடலைத்தொலி, உடைப்பு மில் பக்கத்தில் இருந்தால். உங்கள் பகுதியில் எனக்கு ரொம்பப் பிடித்தது பனங்கொட்டை. கிழங்கு பிடுங்கி, கொட்டையை வெட்டி உள்ளிருக்கும் தவுண் என்ற வெண்பருப்பைத் தின்ற பிறகு ஓடு குவிந்து கிடக்கும். கெட்டியான ஓடு, கெட்டியான கரி. தை மாசிக்குப் பிறகு சாயல்குடி சாலையோரம் பார்த்திருப்பீர்கள். எடுக்கக் கூடாதது நெல் உமி. யாராவது கண்டிப்பாக உமியைச் சொல்வார்கள், ஏனென்றால் அரிசி ஆலையில் குவிந்து கிடக்கும். உமியில் சாம்பல் சத்தே நூற்றுக்குப் பதினைந்து இருபது பங்கு. கரியாக்கினால் அது முப்பத்தைந்துக்கு மேல் போய்விடும். கட்டி அழகாக வரும், பற்றவைத்தால் சிவந்து அப்படியே சாம்பல் போர்த்திக்கொண்டு சூடே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். வாங்கியவர் மறுபடி வரமாட்டார். எந்தச் சரக்கானாலும் சமையலறைத் தராசில் நூறு கிராம் கரியை நிறுத்து, தகரத்தில் முழுக்க எரித்து, மிச்சச் சாம்பலை நிறுத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். பத்துக் கிராமுக்குள் இருந்தால் தைரியமாக விற்கலாம்.

கரி எடுக்க இருநூறு லிட்டர் எண்ணெய் ட்ரம் போதும். பூச்சிமருந்து, ரசாயனம் இருந்த ட்ரம் மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அடியில் ஓட்டை போட்டு, மூன்று கல் மேல் தூக்கி வைத்து, காய்ந்த மாரை முழ நீளத்துக்கு நறுக்கிப் போட்டுப் பற்றவைக்க வேண்டும். எரிந்து அமுங்க அமுங்க மேலே போட்டுக்கொண்டே வரலாம். கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் புகையின் நிறம்தான். முதலில் பால் மாதிரி வெள்ளைப் புகை வரும், ஈரமும் தாரும் போகிற நேரம் அது. அப்புறம் மெல்ல மெல்லப் புகை குறைந்து, நீலம் பாய்ந்து, கண்ணாடி போல அந்தப் பக்கம் தெரிய ஆரம்பிக்கும். அப்போது கல்லை உருவி ட்ரம்மைத் தரையில் இறக்கி, அடியைச் சுற்றி ஈரமண் அணைத்து, மூடி போட்டு விளிம்பையும் மண்ணால் பூச வேண்டும். கொஞ்சம் முந்தினால் கரியில் புகை மிச்சமிருக்கும், பிந்தினால் சாம்பல்தான் மிஞ்சும். எழுதிப் படிக்கிற விஷயம் இல்லை இது. ஆளுக்கு ஐந்தாறு தடவை மூடிப் பார்த்தால் கை வந்துவிடும். மூட்டத்தில் வேலை செய்த பெண்கள் குழுவில் இருந்தால் அவர்களையே ஆசிரியராக்குங்கள். புகையைப் பார்த்து நேரம் சொல்வதில் என்னைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள்.

இப்போது கூம்புக்குழி முறை ஒன்றும் பிரபலமாகியிருக்கிறது. புனல் மாதிரி குழி வெட்டி, மேலே தீ எரிய எரிய அடுக்கடுக்காகப் போட்டுக் கடைசியில் தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். புகை குறைவு, ஒரே நேரத்தில் நிறையக் கரி கிடைக்கும், செலவும் இல்லை. ஆனால் அணைக்கக் குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும். குடிநீருக்கே தள்ளுவண்டியில் குடம் வைத்துத் தள்ளுகிற ஊரில் கரிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. மண் தள்ளி அணைக்கலாம்தான். கரியில் மணல் சேரும், பிறகு சலித்து மாளாது.

கட்டி பிடிப்பதற்குப் பசை. நூறு கிலோ கரித்தூளுக்கு ஐந்து கிலோ ஸ்டார்ச் மாவு, சேலம் பக்கத்து மரவள்ளி மாவு நல்லது, இல்லாவிட்டால் மைதா. பச்சைத்தண்ணீரில் கரைத்துக்கொண்டு கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிளற வேண்டும், வெள்ளை மாறிக் கண்ணாடியாக வரும்வரை. நேராகக் கொதிநீரில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகிப் பாதி மாவு வீண். புளியங்கொட்டை மாவும் பசைக்கு ஆகும். சாணமும் களிமண்ணும் காசில்லாமல் கிடைக்கும் என்று சேர்ப்பார்கள். சாணம் சேர்த்தால் புகை, களிமண் சேர்த்தால் சாம்பல். கரியும் பசையும் சேர்ந்த மாவை ஒரு பிடி எடுத்து இறுக்கினால் கொழுக்கட்டை மாதிரி விரல் தடம் பதிந்து நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. காய்ந்த கட்டியை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பாருங்கள். இரண்டாக உடைந்தால் பரவாயில்லை, பொடியாகச் சிதறினால் பசை பற்றவில்லை. வெயிலில் காய மூன்று நாலு நாள் ஆகும். உள்ளே ஈரம் இருக்கும்போதே மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஸ்டார்ச் கட்டி மழையில் நனைந்தால் சேறு. அதனால் சித்திரையிலிருந்து புரட்டாசிக்குள் கரி எடுத்துத் தூளாக்கி வைத்துக்கொண்டு, ஐப்பசி கார்த்திகையில் கட்டி பிடிப்பதை நிறுத்திவிடுவதுதான் நடைமுறை.

இனி கணக்கு. ஒரு ட்ரம்முக்கு ஒரு தடவைக்கு நாலரைக் கிலோ கரி வரும் என்று வைப்போம். ஐந்து பெண்கள், நாலு ட்ரம், ஒரு நாளில் மூன்று தடவை. ஐம்பத்து நாலு கிலோ. அடுத்த நாள் அதே ஐந்து பேர் இடித்து, சலித்து, பசை காய்ச்சி, கையச்சில் கட்டி பிடிக்கிறார்கள். ஆக மொத்தம் பத்து ஆள்கூலி, ஐம்பத்தைந்து கிலோ கட்டி. மொத்த வியாபாரி கிலோ இருபது ரூபாய் என்று எடுத்தால் 1,100 ரூபாய், ஒரு ஆளுக்கு ஒரு நாள் கூலி 110. மாவு, சாக்கு, வண்டி வாடகை இன்னும் கழிக்கவில்லை. நூறு நாள் வேலைக்கு 2025-26-க்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 336 ரூபாய். அளவைப் பொறுத்துக் கையில் வருவது குறையலாம், இருந்தாலும் 110 எங்கே, அது எங்கே? கிலோ நாற்பதுக்கு விற்றாலும் 220தான். உங்கள் சந்தை விலையைப் போட்டு நீங்களே இதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்; இருபது, நாற்பது என்பது நான் உதாரணத்துக்கு வைத்த எண்கள். ஆனால் கையால் செய்து மரக்கரியின் மொத்த விலையோடு போட்டியிட்டால் பெண்களின் கூலிதான் அடிபடும் என்பது எந்த விலையிலும் மாறாது. பயிற்சி முடிந்து சான்றிதழோடு போட்டோ எடுத்துக்கொண்ட குழுக்கள் ஆறு மாதத்தில் நிறுத்திவிடுவதற்குச் சோம்பல் காரணமில்லை, இந்தக் கணக்குத்தான். பெண்கள் இதை மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்துவிடுகிறார்கள். நிதி தருகிறவர்கள்தான் போடுவதில்லை.

அதனால் வாங்குபவரிலிருந்து பின்னோக்கி வாருங்கள். உங்கள் பகுதியில் கரி யார் வாங்குகிறார்கள்? வீடுகள் வாங்குவதில்லை. இஸ்திரி வண்டிக்காரர்கள் வாங்குவார்கள், ஆனால் பலர் கேஸ் பெட்டிக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். மிச்சமிருப்பவர்களுக்குச் சிரட்டைக் கரி பழக்கம். கொல்லுப்பட்டறைக்குச் சட்டென்று சூடேறும் கரி வேண்டும், பசை போட்ட கட்டி மெதுவாகத்தான் பிடிக்கும், அவர்களிடம் போக வேண்டாம். கிரில், தந்தூரி போடும் ஓட்டல்கள் நல்ல வாடிக்கை: மெதுவாக, ஒரே சீராக, நேரம் பிடித்து எரிவது அங்கே குணம்தான். மதுரை, ராமேஸ்வரம் பக்கத்துக் கடைகளுக்கு ஒரு வாரச் சரக்கு இலவசமாகக் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது வாரம் அவர்களே கூப்பிட்டால்தான் அது சந்தை. எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கையுள்ள வழி சாம்பிராணி. கப் சாம்பிராணி, கம்ப்யூட்டர் சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாவற்றுக்கும் நைசான கரித்தூள் வேண்டும். கிலோக் கணக்கில் விற்கிற கரி அங்கே டப்பாக் கணக்கில் விற்கிறது. கட்டி பிடிக்கக் கற்ற கை கப் அச்சுக்கு மாறுவது ஒரு நாள் வேலை. வெள்ளி, செவ்வாய், ஆடி, தை என்று விற்பனைக்கும் நாள் இருக்கிறது. என்ன, மணம் மட்டும் சரியாக வர வேண்டும். மட்டமான குங்கிலியம் போட்டால் ஒரே மாதத்தில் பெயர் கெட்டுவிடும்.

இன்னொரு வழியும் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மூட்டம் பிரித்து, சாக்கில் அள்ளி, லாரியில் ஏற்றி இறக்கும்போதெல்லாம் கரி நொறுங்குகிறது. கரிக் குடோன்களின் மூலையில் தூள் மலையாகக் கிடக்கும், மொத்தக் கரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாது. நைரோபிச் சேரிகளில் குழுக்கள் கட்டி பிடிப்பது பெரும்பாலும் இந்தக் கடைத்தூளில்தான். இதை வாங்கினால் ட்ரம் வேலை, புகை, ஒரு நாள் ஆள்கூலி எல்லாம் மிச்சம். மேலே போட்ட கணக்கில் பத்து ஆள்கூலி ஐந்தாகும், தூளுக்குக் கொடுத்த விலை போக மிச்சம் பெண்களின் கூலியில் ஏறும். "இதுவும் மரக்கரிதானே, மாற்று எங்கே?" என்று நிதி தருபவர் கேட்கலாம். வீணாகப் போகிறது என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை. மூட்டத்தை மண்ணால் மூடுவதால் தூளில் மணல் இருக்கும். ஒரு பிடியை வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் மணல் உடனே அடியில் இறங்கிவிடும், எவ்வளவு என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

இயந்திரத்துக்கு வருகிறேன். விற்கிறவர்கள் உங்களிடம் இரண்டு வேறு சமாச்சாரத்தை ஒன்றாகக் குழப்பிச் சொல்வார்கள். மரத்தூளையும் கடலைத்தொலியையும் கரியாக்காமலே அதிக அழுத்தத்தில் கட்டியாக்குவது ஒன்று. வெள்ளைக்கரி என்பார்கள், பாய்லர் வைத்திருக்கும் ஆலைகளுக்குப் போகும். அதற்கு லட்சக்கணக்கில் முதலும், பெரிய மோட்டாரும், நாள் தவறாமல் டன் கணக்கில் சரக்கும் வேண்டும். மகளிர் குழுவுக்கு அது ஆகாது. நமக்கு வேண்டியது கரித்தூளைத் திருகித் தள்ளும் சின்ன இயந்திரம். அதையும் முதல் வாங்குபவர் இரண்டாவது தடவை வாங்கிய பிறகு வாங்குங்கள். அதுவரை பிவிசி குழாயை நறுக்கிச் செய்த கையச்சு போதும். வாங்கும்போது மும்முனை மின்சாரம் வேண்டுமா, திருகு தேய்ந்தால் எந்த ஊரில் கடைய முடியும், இயந்திரம் எந்தக் குழுவின் பெயரில் எந்த இடத்தில் நிற்கும் என்று மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கரித்தூள் இரும்பை அரிக்கிற அரிப்பு கொஞ்சநஞ்சமல்ல. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் பொறியியல் துறை இருக்கிறது. எந்த இயந்திரத்தையும் வாங்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

பாதுகாப்பை ஒரு மணி நேர வகுப்பாக ஒதுக்கிவிடாதீர்கள். புதுக்கரி காற்றுப் பட்டதும் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். திறந்த வெளியில் ஒரு நாள் முழுக்கப் பரப்பி வைத்த பிறகே சாக்கில் கட்ட வேண்டும். ட்ரம் வைக்கும் இடம் வைக்கோல் படப்புக்கும் கூரைவீட்டுக்கும் தள்ளி இருக்கட்டும். சேலைக்கு மேல் ஆண்சட்டை போட்டுக்கொள்ளும் வழக்கம் ஏற்கெனவே உண்டு, பருத்திச் சட்டையாக இருந்தால் சரி. நைலக்ஸ் சேலையோடு தீப்பக்கம் நிற்க வேண்டாம். கரியை இடிக்கும்போது லேசாகத் தண்ணீர் தெளித்தால் தூசி பாதியாகக் குறையும், முகத்துக்குத் துணியும் கட்டிக்கொள்ள வேண்டும். கரி புகையாது என்பதால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் அதிகம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாசமுமில்லை. மலைவாசஸ்தலத்தில் அடைத்த அறைக்குள் கரியடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி குளிர்காலத்தில் வருகிறதே, அதுதான். விற்கிற பொட்டலத்தின் மேலேயே 'அடைத்த அறையில் எரிக்கக் கூடாது' என்று அச்சடியுங்கள்.

சந்தேகத்துக்குரியவை என்று இரண்டைச் சொல்ல வேண்டும். கார்பன் வரவு (கார்பன் கிரெடிட், அதாவது புகையைக் குறைத்ததற்கான சான்று) விற்றுக் காசு பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அதை வரவுசெலவில் சேர்க்காதீர்கள். அளந்து, சரிபார்த்து, பதிவு செய்யும் செலவே மூன்று குழுக்களின் மொத்த வியாபாரத்தை விழுங்கிவிடும். இன்னொன்று, இந்தக் கட்டியால் மூட்டம் குறையுமா என்பது. வெளியூர் லாரி வந்து ஏற்றும்வரை மூட்டம் இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. புகையைக் குறைப்பதுதான் அக்கறை என்றால், அந்த மூட்டத்தையே செங்கல்லால் கட்டிய கரிச்சூளையாகவோ இரும்பால் செய்த கரிச்சூளையாகவோ மாற்ற ஒரு பங்கு நிதியை ஒதுக்குவது அதிகப் பலன் தரலாம். மண்மூட்டத்தில் நூறு கிலோ விறகுக்குப் பதினைந்து கிலோ கரி தேறினால், நல்ல சூளையில் இருபத்தைந்துக்கு மேல் எடுக்கலாம்.

நாலு நாள் பயிற்சியையும் ஒரே வாரத்தில் முடித்துவிடாதீர்கள். மிளகாய்ப் பறிப்பு மாசி பங்குனியில் உச்சத்தில் இருக்கும்போது கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது. அந்தக் கூலி பெரிசு. மாசிக்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து, ஊரில் எது மீதமாகிறது, அது இப்போது யாருக்குப் போகிறது என்று பெண்களையே பட்டியல் போடச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில் நீங்களும் குழுவிலிருந்து இரண்டு பேரும் ஓட்டல்களையும் சாம்பிராணி செய்கிறவர்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். குடோனில் ஒரு சாக்குத் தூள் வாங்கிக் கையச்சில் கட்டி பிடிப்பது இரண்டாம் நாள். மார் பிடுங்கிக் காய்ந்ததும், சித்திரை கடைசியில், ட்ரம் வேலை மூன்றாம் நாள். முதல் சரக்கு விற்ற பிறகு, கையில் வந்த காசையும் செலவையும் வைத்துக் கணக்குப் போடுவது நாலாம் நாள். அன்றைக்குப் போடும் கணக்கில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் கூலி 250 ரூபாய்கூடத் தேறவில்லை என்றால் கட்டியை விட்டுவிட்டு, தூளாகவே சாம்பிராணிக்காரருக்கு விற்க முடியுமா என்று பாருங்கள். அவர் என்ன விலை சொல்கிறார், எவ்வளவு நைசாகக் கேட்கிறார் என்று விசாரித்து இங்கேயே எழுதினால், சலிக்கும் செலவையும் சேர்த்து மேலே உள்ள கணக்கை உங்களுக்குத் திருப்பிப் போட்டுத் தருகிறேன்.